எது பெரிது என்றுதான் கேட்கிறார்கள்

அன்புள்ள கண்ணா,

மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.க்கு நீ எழுதி அனுப்பிய பயிற்சித் தாள்களைப் பார்த்துவிட்டேன். மற்றக் கணக்குகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏ, பி என்று இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரிது என்று கேட்கும் ஒப்பீட்டுக் கேள்விகளில்தான் நேரத்தை வாரி இறைத்திருக்கிறாய்.

ஏ பக்கம் 47×53, பி பக்கம் 50×50. நீ கால்குலேட்டரைத் திறந்து 2491 என்று கண்டுபிடித்து, பக்கத்தில் 2500 என்று எழுதி, பி பெரிது என்று குறித்திருக்கிறாய். விடை சரிதான். ஆனால் 47 என்பது 50க்கு 3 குறைவு, 53 என்பது 3 கூடுதல். அப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் 50இன் வர்க்கத்தைவிடக் குறைவாகத்தான் வரும். குறைவது 9 என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. எது பெரிது என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு என்று யார் கேட்டார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு நான்கு விடைகளும் எப்போதும் ஒன்றேதான், வரிசைகூட மாறாது: ஏ பெரிது, பி பெரிது, இரண்டும் சமம், கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது. தேர்வறையில் அவற்றை ஒவ்வொரு முறையும் வாசித்துக்கொண்டிருக்காதே.

நான்காவது விடையை நீ கைவிட்ட கணக்குகளுக்கெல்லாம் அடைக்கலமாக்கியிருக்கிறாய். உனக்குத் தெரியாதது வேறு, யாராலும் சொல்ல முடியாதது வேறு. இரு பக்கமும் வெறும் எண்கள் என்றால், அவை எவ்வளவு மிரட்டினாலும், நான்காவது விடைக்கு இடமே இல்லை. 2இன் 30ஆம் அடுக்கிலிருந்து 29ஆம் அடுக்கைக் கழித்தது ஏ, 2இன் 29ஆம் அடுக்கு பி. 30ஆம் அடுக்கு 29ஆம் அடுக்கின் இரு மடங்கு. அதில் ஒரு மடங்கு போனால் மிச்சம் ஒரு மடங்கு. சமம், அவ்வளவுதான்.

எக்ஸ் வந்தால் எண்களைப் போட்டுப் பார்க்கிறாய், நல்லது. ஆனால் 2, 3, 5 என்று சாதுவான எண்களாகவே பொறுக்குகிறாய். பூச்சியம், ஒன்று, அரை, குறை எண் ஆகியவற்றில்தான் வில்லங்கம் இருக்கும். எக்ஸின் வர்க்கமா, கனமா எது பெரிது? 2 போட்டால் கனம், அரை போட்டால் வர்க்கம். இரண்டு எண்கள் இரண்டு விதமாகச் சொன்னவுடன் நான்காவதைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடு. அதே கேள்வியில் 'எக்ஸ் 1ஐவிடப் பெரியது' என்று மேலே ஒரு வரி இருந்தால் கதையே மாறிவிடும், எப்போதும் கனம்தான் பெரிது. அந்த வரியைத் தாண்டிப் போய் இரண்டு இடத்தில் கோட்டை விட்டிருக்கிறாய். இன்னொன்று: போட்ட எண்கள் எல்லாம் ஒரே விடையைச் சொன்னாலும் அது நிரூபணம் ஆகாது. ஏன் அப்படி வருகிறது என்று ஒரு காரணம் கிடைத்த பிறகே குறி.

இரு பக்கத்திலும் ஒரே தொகையைத் தாராளமாகக் கூட்டலாம், கழிக்கலாம். பெருக்குவதும் வகுப்பதும் மிகை எண்ணாக இருந்தால் மட்டுமே. 3எக்ஸ், 4எக்ஸ் இரண்டிலும் எக்ஸை அடித்துவிட்டு 4தான் பெரிது என்று எழுதியிருக்கிறாய். எக்ஸ் பூச்சியமானால் சமம், குறை எண்ணானால் 3எக்ஸ்தான் பெரிது.

படங்களை நம்பாதே. ஆய அச்சுகளில் வரைந்தவையும் தரவு வரைபடங்களும் அளவுப்படி இருக்கும். முக்கோணம், வட்டம் போன்றவை அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் தலா 5 என்று மட்டும் சொல்லி, நடுக் கோணத்தைச் செங்கோணம் போலவே வரைந்திருப்பார்கள். கோணத்தை மனத்துக்குள் விரித்தும் சுருக்கியும் பார். ஏ பக்கத்தில் கேட்ட பரப்பு பூச்சியத்தை ஒட்டியும் போகும், அதிகபட்சம் 12.5 வரையும் வரும். பி பக்கம் 12 என்றிருந்தால் சொல்ல முடியாது. 13 என்றிருந்தால் பி பெரிது.

2023 செப்டம்பரிலிருந்து கணிதம் இரண்டு பிரிவுகள்: 21 நிமிடத்தில் 12 கேள்விகள், 26 நிமிடத்தில் 15. கேள்விக்குச் சராசரியாக ஒன்றேமுக்கால் நிமிடம். ஒப்பீட்டில் மிச்சம் பிடிப்பதை நீளமான கணக்குகளுக்குச் செலவிடு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதே.

அடுத்த தாளில் கால்குலேட்டரைத் தொட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா