வருகிற வழியையும் திறந்துவிடுங்கள்

கேம் கன்சோல் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் மாடியில் இருக்கிறது. டிவியும் கன்சோலும் கீழே ஹாலில். அம்மாவுக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. நான் ஆடும் பண்ணை விளையாட்டு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அதைப் பார்ப்பதில் அம்மாவுக்கு அவ்வளவு பிரியம். மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்தபடியே, "அந்தக் கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டினியா?" என்பார். அதற்காகத்தான் மாடியில் ஓடும் கேமை கன்சோல் வழியாக டிவிக்குக் கொண்டுவரப் பல மாதம் மெனக்கெட்டேன்.

எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடும் கேமை விண்டோஸ் 10 கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி 2015லேயே வந்துவிட்டது. அடுத்த வருடமே பிளேஸ்டேஷன் 4க்கும், அதில் ஓடும் கேமைக் கம்ப்யூட்டரில் ஆடும் ரிமோட் ப்ளே வசதி வந்தது. ஆக, கன்சோலிலிருந்து போகிற வழி எப்போதோ போட்டாயிற்று. வருகிற வழிதான் இன்னும் சரியாகவில்லை. 2018இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த வயர்லெஸ் டிஸ்ப்ளே செயலி நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் அது மிராகாஸ்ட் என்ற வயர்லெஸ் முறையில் கம்ப்யூட்டர் திரையை அப்படியே பிரதிபலிப்பது. நான் கேட்பது அதற்கு அடுத்த படி: மாடியில் ஓடும் கேமைக் கீழே கன்சோலில் தாமதம் தெரியாமல் ஆடுவது.

விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், காட்டும் கேமில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. நான் பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி மாடிக்குப் போக வேண்டும். அங்கே படம் உருவாகி, சுருங்கி, வீட்டு நெட்வொர்க்கில் இறங்கி, கன்சோலில் விரிந்து டிவிக்கு வர வேண்டும். வழியில் எங்கே தடங்கினாலும் கை உணர்ந்துவிடும். வைஃபையில் ஆடியபோது, நடுவே இருந்த செங்கல் சுவரால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மாடிப்படி ஜன்னல் வழியாக லேன் கேபிள் இழுத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. மிச்சமிருந்த தொல்லை கன்சோலில்தான். ஆர்வலர்கள் எழுதிய செயலியைப் போட அதைச் செயலி எழுதுபவர்களுக்கான டெவலப்பர் மோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை ஆட வேண்டுமென்றால் மறுபடி ரீஸ்டார்ட். நான் இல்லாத நேரத்தில் அம்மாவால் இதையெல்லாம் செய்ய முடியுமா?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கேமை டிவிக்குக் கொண்டுவரும் ஸ்டீம் லிங்க் 2015இல் தனிப் பெட்டியாக வந்தது. 2018இல் அதை நிறுத்தி, ஆண்ட்ராய்டு டிவியிலும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலும் ஓடும் செயலியாக்கினார்கள். அதே வேலையைச் செய்யும் மூன்லைட் செயலியோ 2013இல் கல்லூரி மாணவர்கள் ஒரு ஹேக்கத்தானில், அதாவது ஓரிரு நாளில் புரோகிராம் எழுதும் போட்டியில், தொடங்கியது! உங்கள் கன்சோலில் வீடியோவை விரிக்கும் சிப் இருக்கிறது, லேன் போர்ட் இருக்கிறது, கேம்பேட் இருக்கிறது.

இப்படிப்பட்ட செயலிகளை உங்கள் ஒவ்வொருவரின் ஸ்டோரிலும் அனுமதியுங்கள், அல்லது நீங்களே ஒன்று எழுதுங்கள். கேம்பேடில் அழுத்துவதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து அதிர்வும் கேம்பேடுக்கு வர வேண்டும். எவ்வளவு தாமதம் என்பதைத் திரை ஓரத்தில் எண்ணாகக் காட்டுங்கள். கோளாறு வைஃபையிலா, டிவியிலா என்று வீட்டிலிருப்பவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் தயார், கேபிள் இழுத்த வீடும் தயார்.

இப்படிக்கு,
உங்கள் கன்சோலைக் காசு சேர்த்து வாங்கிய ஒருவன்