கடலடி கேபிள் அறுந்தால் யார் வருவார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசினால் அது சாட்டிலைட் வழியாகத்தான் போகிறது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் 95 சதவீதத்துக்கு மேல் கடலடியில் கிடக்கும் ஃபைபர் கேபிள்களில்தான் போகிறது. ஆழ்கடலில் அதன் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் அளவுதான், உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். கரைக்குப் பக்கத்தில் மட்டும் இரும்புக் கம்பி சுற்றிக் கனமாக்குகிறார்கள், ஏனென்றால் நங்கூரமும் மீன்வலையும் இழுத்து அறுப்பது அங்கேதான் அதிகம்.

2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா நாட்டின் ஒரே சர்வதேச கேபிள் அறுந்தபோது, பழுதுபார்க்கும் கப்பல் வந்து, கொக்கி போட்டுத் துழாவி, அறுந்த நுனிகளை மேலே தூக்கி ஒட்டி முடிக்க ஐந்து வாரம் ஆனது. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கி.மீ. கேபிள் போட்டு 2020இல்தான் இணைத்தார்கள். அதுவும் அறுந்தால்?

இந்தியக் கொடியுள்ள பராமரிப்புக் கப்பல் வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது, அதை இழுத்தடிக்கக் கூடாது. அப்புறம், கேபிள் எங்கே கிடக்கிறது என்று சொல்லாமல் மீனவர்மேல் பழி போடுவது நியாயமே இல்லை. காசிமேடு போன்ற துறைமுகங்களில் தமிழில் வரைபடம் ஒட்டுங்கள், படகிலுள்ள ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொள்ளும்படி அந்த இடங்களையும் கொடுங்கள்.

– வாசகர், ராயபுரம், சென்னை