புளியமரத்தில் கட்டித் தொங்கிய சோறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய நீளமான செய்தியை இரண்டு மூன்று தடவை படித்துவிட்டேன். அகிம்சை என்றால் அடி வாங்கிக்கொண்டு பொறுமையாக நிற்பது, எதிராளிக்கு மனசாட்சி இருந்தால்தான் அது பலிக்கும், வெள்ளைக்காரன் போனதே உலகப்போரில் நொந்துபோனதால்தான் என்று எழுதியிருந்தாய். கடைசியாகச் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். முதல் இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல எதுவும் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

தண்டி யாத்திரையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். ஆனால் அதே 1930-இல் நம் காவிரிக் கரையோரமாக நடந்ததை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. ஏப்ரல் 13, தமிழ் வருடப்பிறப்பு, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாளும் அதுதான். அன்றைக்குத் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் கிளம்பினார்கள். சுமார் 150 மைல் நடந்து வேதாரண்யம் போய், உப்புச் சட்டத்தை மீறி உப்பு எடுப்பது திட்டம். வந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போகவில்லை, யார் எதையும் தாங்குவார்கள் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆட்கள். கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று வழி நெடுக ஊர் ஊராகத் தங்கிப் பேசிக்கொண்டே போனார்கள்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர், நல்ல கெட்டிக்காரர். நடக்கிறவர்களை வழியிலேயே பிடித்து அடித்தால் கூட்டம் பெருகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் வேறு ஓர் உத்தரவு போட்டார்: இந்தத் தொண்டர்களுக்கு யார் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் ஆறு மாதம் வரை ஜெயில். தண்டோரா போட்டு, துண்டுப் பிரசுரம் விட்டு ஊரெல்லாம் அறிவித்தார்கள்.

இங்கேதான் நீ கொஞ்சம் நிற்க வேண்டும். அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது, இந்தப் போராட்டத்தின் உயிர் நடக்கிறவர்களின் காலில் மட்டும் இல்லை, வழியில் இருக்கிற அடுப்பங்கரைகளில் இருக்கிறது என்று. நூறு பேர் நடக்க வேண்டுமானால் அவர்களுக்குத் தினமும் யாராவது உலை வைக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டால் நாலு நாளில் பசியிலேயே யாத்திரை கலைந்துவிடும் என்று தார்ன் கணக்குப் போட்டார்.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோரத்துப் புளியமரக் கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறினால், பெரிய பாத்திரத்தில் சாப்பாடு எங்கே மறைத்து வைத்திருக்கிறது என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் கிடைக்கும். யார் வைத்தது? எந்த வீட்டு அடுப்பில் வெந்தது? கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. வழக்குப் போட ஒரு பெயர் வேண்டுமே, மரத்தின் பேரில் போட முடியுமா? இன்னொரு பக்கம் கும்பகோணத்தில் பந்துலு ஐயர் எதையும் மறைக்காமல், உத்தரவு இருக்கிறது என்று தெரிந்தே தொண்டர்களை வரவேற்று உபசரித்து ஜெயிலுக்குப் போனார். ஒளிந்து சோறு கட்டியவர்களும் வெளிப்படையாகப் பந்தி போட்டவரும் செய்தது ஒரே காரியம்தான் என்று நான் நினைக்கிறேன். உன் உத்தரவு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இதைப் பொறுமை என்று சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை, பாப்பா.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு முடிதிருத்தும் தொழிலாளி இருந்தார். சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு, இனி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். மிரட்டியும் மசியவில்லை, அவருக்கும் சிறைதான். அந்த ஊரில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. ராஜாஜிக்கு எவ்வளவு இருக்கிறதோ இல்லையோ, இவருக்கு அது இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்படி மறுத்து நிற்கும் வழி காந்தி வந்து கற்றுக்கொடுத்ததும் அல்ல. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போதே வ.உ.சி.க்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று எழுந்து போனவர் உண்டு. அந்த வேலைநிறுத்தம் ஜெயித்தது, கூலி உயர்ந்தது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே வ.உ.சி.யைக் கைது செய்ததும் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்துப்போய் அரசு கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் நாலு பேர் செத்தார்கள், அப்புறம் தண்டப் போலீஸைக் கொண்டுவந்து இறக்கி அதற்கும் ஜனங்களிடமே வரி வாங்கினார்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவே மாட்டேன், அது நியாயமான கோபம். ஆனால் மறுத்து நின்றபோது திணறிய அரசாங்கம் தீயைப் பார்த்ததும் திணறவில்லை, அது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விளையாட்டு. 1930-இல் வேதாரண்யத்தில் ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பெடுத்ததும் ராஜாஜியைக் கைது செய்தார்கள். ஒரு கல்கூடப் பறக்கவில்லை. மறுபடி மறுபடி தொண்டர்கள் உப்பெடுக்கப் போனார்கள், மூடிய கையிலிருந்து உப்பைப் பிடுங்கத் தடியால் அடித்தார்கள், கையைத் திறக்கவில்லை. இவர்களுக்குத் துணை நின்ற வேதரத்தினம் பிள்ளையைச் சிறையில் போட்டுச் சொத்தையும் பறிமுதல் செய்தார்கள்.

சரி, மனசாட்சி விஷயத்துக்கு வருகிறேன். தார்ன் மனம் மாறினாரா? இல்லை. அரசாங்கத்தின் மேல் இருந்த விசுவாசம் போய்விட்டது என்று மேலிடத்துக்கு எழுதினார், அவ்வளவுதான். அவர் மாற வேண்டிய தேவையும் இல்லை. அவருக்குக் கீழே இருக்கிற கணக்குப்பிள்ளை, தலையாரி, வண்ணார், வண்டிக்காரர், கான்ஸ்டபிள் ஆகியோரில் பாதிப்பேர் மாறினாலே போதும். நம் தொண்டர்கள் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஏப்ரல் 23 அன்று, பெஷாவரில் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமில்லாமல் நின்ற பட்டாணியர் கூட்டத்தைச் சுட்டார்கள், ஏராளமான பேர் செத்தார்கள். அகிம்சை கவசம் அல்ல, குண்டு குண்டுதான். ஆனால் வெள்ளைக்காரனின் ராணுவத்திலேயே இருந்த கர்வால் படையின் இந்தியச் சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற சந்திர சிங் கர்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பெரிய கலவரங்களுக்குக்கூட அசையாத லண்டன் அதிகாரிகளை உலுக்கியது இந்த மாதிரிச் செய்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் சொந்தத் துப்பாக்கியே திரும்பாமல் நின்றுவிட்டால் அப்புறம் ஆள்வது எதை வைத்து?

இதில் எல்லாம் நிறைவேறியது என்று உன்னிடம் கதை அளக்க மாட்டேன். 1931-இல் காந்தி இர்வின் ஒப்பந்தத்தில் கடலோரத்து ஜனங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பெடுக்கலாம் என்ற அளவுக்குத்தான் கிடைத்தது, உப்பு வரி முழுதாக நீங்க 1947 ஆனது. தொண்டர்கள் சேரிகளுக்குள் போனார்கள், தீண்டாமைக்கு எதிராகப் பேசினார்கள், ஆனாலும் நம் ஜில்லாவில் பண்ணையாட்களின் முதுகில் விழுந்த சவுக்கு அதனால் நின்றுவிடவில்லை. அதற்கு வேறு போராட்டம், வேறு ஆட்கள் வேண்டியிருந்தது.

உன் கேள்விகளில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. ஆள்கிறவனுக்கு நம் உழைப்பே வேண்டாம், நிலம் மட்டும் போதும் என்று இருந்தால் எதை மறுப்பது என்று கேட்டாய். சரியான கேள்வி. இங்கே 35 கோடிப் பேரை ஆள வந்திருந்த வெள்ளையர்கள் ஒரு கைப்பிடி. வரி வசூலிக்க, ரயில் ஓட்ட, தபால் கொண்டுபோக, காவல் நிற்க எல்லாவற்றுக்கும் நம் ஆட்களே வேண்டியிருந்தது, அதனால்தான் நம் மறுப்புக்கு அவ்வளவு விலை இருந்தது. ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் மண்ணைத்தான் கேட்டார்கள், அங்கிருந்த பழங்குடிகள் சோறு சமைக்க மறுத்திருந்தால் யாருக்கு என்ன நட்டம் வந்திருக்கும்? அப்படிப்பட்ட இடத்தில் மறுப்பவர்கள் ஆதிக்கக்காரனின் சொந்த நாட்டுக்குள்ளேயே துணை தேட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், அது பல மடங்கு கடினம், காலமும் பிடிக்கும், அதற்குள் எத்தனை பேர் அழிந்துபோவார்களோ. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. நீ எனக்கு மேல் படித்தவள், இதை யோசித்து எழுது, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா