ஜட்ஜுக்கும் ஓட்டா என்று கேட்டீர்களே, அப்பா

டாம்பா, ஃப்ளோரிடா
ஜூன் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அன்றைக்கு போனில், "அங்கே ஜட்ஜுக்கும் எலெக்‌ஷனாமே, நிஜமா?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிஜம்தான். நான் குமாஸ்தாவாக இருக்கும் கவுண்டி கோர்ட் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), நம் முன்சீப் கோர்ட்டையும் மாஜிஸ்திரேட் கோர்ட்டையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி. வாடகை பாக்கி, டிராஃபிக் அபராதம், சின்னக் குற்றங்கள், 50,000 டாலர் வரைக்குமான பண வழக்குகள் எல்லாம் இங்கேதான். நம் ஊரில் பரீட்சை எழுதி முன்சீப்பாக வருவார்கள், மூன்று வருஷத்துக்கொரு மாற்றல் வரும். இங்கே ஐந்து வருஷம் வக்கீலாக இருந்தவர் சொந்த கவுண்டியிலேயே தேர்தலில் நிற்கலாம். கட்சி கிடையாது. ஜெயித்தால் ஆறு வருஷம், அப்புறம் மறுபடி ஓட்டு. 75 வயதில் ஓய்வு.

ஓட்டுக் கேட்கிறவர் எப்படி நடுநிலையாக இருப்பார் என்று நீங்கள் யோசிப்பீர்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் தேர்தல் செலவுக்கு ஜட்ஜ் தானே யாரிடமும் பணம் கேட்கக் கூடாது, குழு அமைத்துத்தான் வாங்க வேண்டும். 2015-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

எங்கள் ஜட்ஜம்மாவை நீங்கள் பார்க்க வேண்டும் அப்பா. போன வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு வழக்கு. குடியிருந்த பெண்ணுக்கு வக்கீல் இல்லை. சம்மன் கிடைத்து ஐந்து நாளுக்குள் பதில் போட்டு, பாக்கி வாடகையையும் கோர்ட்டில் கட்ட வேண்டும். அவள் ஒரு நாள் தாமதம் என்றார் வீட்டுக்காரரின் வக்கீல். ஜட்ஜம்மா என்னிடம் காலண்டரைக் கேட்டு வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு நாளாக எண்ணினார். புதன்கிழமை சம்மன். வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு. சனி, ஞாயிறு கணக்கில்லை. திங்கள்கிழமை மெமோரியல் டே, போரில் இறந்த வீரர்களை நினைக்கும் நாள், அரசு விடுமுறை. அதையும் தள்ளினால் அவள் வந்த வியாழன்தான் ஐந்தாவது நாள். "சரியாக வந்திருக்கிறார்" என்று சொல்லி, பதிலை ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்றே முதலில் புரியவில்லை. ஜட்ஜம்மாதான் இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னார். அங்கே கோர்ட்டில் உங்கள் பெஞ்ச் மேஜையில், விடுமுறை நாட்களைச் சிவப்பு மையில் சுழித்து வைத்த காலண்டர் இருக்குமே, அதுதான் ஞாபகம் வந்தது.

எனக்கு இப்போது குடியுரிமை கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் என் முதல் ஓட்டு. அதை அவருக்குப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அப்படியானால் வாக்குச்சீட்டில் பெயரே வராது; தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இன்னொரு ஜட்ஜ் பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ராத்திரியில் குழந்தை தூங்கினதும் அவர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

உங்கள் அன்பு மகள்