பற்று சின்னத்தின் மீதா, பஞ்சிகாவத்தையின் மீதா?

ஆசிரியருக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பின்னர், பழைய ரொயோட்டாக்காரர் மீண்டும் ரொயோட்டாவையே வாங்குவாரா, சீன மின்சாரக் கார்களின் பக்கம் சாய்வாரா என்ற பேச்சு கொழும்பில் பலமாக அடிபடுகிறது. என் எண்ணத்தில், நம்மவரின் பற்று காரின் வணிகச் சின்னத்தின் மீதன்று, பாவித்த வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பின் பஞ்சிகாவத்தையின் மீதே. பதினெட்டு வருடங்களாக நான் ஓட்டும் காரின் பக்கக் கண்ணாடி சென்ற மாதம் உடைந்தபோது, அங்கே மூன்றாவது கடையிலேயே, நிறம்கூட ஏறக்குறைய ஒத்த பாவித்த கண்ணாடி கிடைத்தது (கடைக்காரர் மாடலைக் கேட்கவேயில்லை, உடைந்த துண்டைப் பார்த்தே எடுத்துத் தந்தார்). மின்சாரக் காரின் மின்கலத் தொகுதி பழுதானால் எங்கே போவது என்பதற்கு விற்பனையாளர்கள் தெளிவான பதில் தரும்வரை நான் மாறுவதாக இல்லை.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06