டப்ளினிலிருந்து மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நீயே பக்கத்தில் இருந்து போட்டுவிடு, அவரை நம்பி விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். கயல் பள்ளியில் டின் விசில் கற்றுக்கொள்கிறாள். ஆறு துளை போட்ட பித்தளைக் குழல், பச்சை பிளாஸ்டிக் வாய். இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதலில் கைக்கு வருகிற வாத்தியம் அதுதான். விடிந்ததும் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து நிகழ்ச்சி நடத்துகிறோம் என்பதெல்லாம் வெறும் மேடை மரியாதை, ஆளுக்குப் பத்து நிமிஷம் வாசித்துவிட்டுக் கடைசியில் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி என்று எழுதியிருந்தாய். நீ சொல்கிற மாதிரி நிகழ்ச்சிகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி இல்லாமலும் செய்ய முடியும். தி சீஃப்டன்ஸ் என்ற ஐரிஷ் நாட்டுப்புற இசைக் குழுவைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நீயே வழி செய்துவிட்டாய்.

1962-ல் டப்ளினில் பேடி மொலோனி ஆரம்பித்த குழு அது. அவர் சின்ன வயதிலேயே லியோ ரௌசம் என்ற பெரிய வித்வானிடம் இலன் பைப் என்ற ஐரிஷ் பை வாத்தியம் கற்றவர். அந்த வாத்தியத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் மாலதி. நின்றுகொண்டு வாசிக்க முடியாது, உட்கார்ந்துதான். வலது முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தி, இடது கைக்குள் காற்றுப் பை. வாயால் ஊதுவதே கிடையாது. குழலின் அடி நுனியைத் தொடையில் அழுத்தி மூடி எடுத்தால் ஸ்வரம் வெட்டிக்கொண்டு விழும். நடுநடுவே மணிக்கட்டால் பக்கத்துக் குழல்களின் சாவிகளைத் தட்டினால் கூட ஒரு சுருதிக் கூட்டமே எழும். நல்ல பைப்காரர் உருவாக இருபத்தொரு வருஷம் ஆகும் என்பார்கள்: ஏழு வருஷம் கற்க, ஏழு வருஷம் பழக, ஏழு வருஷம் வாசிக்க. ஒரு காலத்தில் வாசிப்பவர்கள் குறைந்துகொண்டே போய், 1968-ல் இதற்கென்று ஒரு சங்கமே தொடங்கிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2017-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சீஃப்டன்ஸ் ரொம்ப காலம் வேலைக்குப் போய்க்கொண்டே வாசித்தவர்கள். இசையே முழுநேரத் தொழிலானது 1975-ல்தான். அந்தப் பதிமூன்று வருஷத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். தங்கள் பாட்டைத் தங்களுக்குள்ளேயே வாசித்துத் தேய்த்துப் பழகிய பிறகுதான் வெளியூர்க்காரர்களோடு பெரிய அளவில் சேர்ந்தார்கள். 1983-ல் சீனா போய்ப் பெருஞ்சுவரின் மேல் வாசித்தார்கள். அந்தப் படத்தை எல்லோரும் போடுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. குழுவின் ஹார்ப் கலைஞர் டெரெக் பெல் தியம்பான் என்று ஒரு சின்ன வாத்தியமும் வாசிப்பார், தந்திகளைக் குச்சியால் தட்டி வாசிப்பது. சீனாவின் யாங்சின்னும் அதே வகைதான். இரண்டு கலைஞர்களுக்கு நடுவில் மொழி இல்லாவிட்டாலும் குச்சியைப் பிடிக்கிற விதத்தில் பேச ஆரம்பிக்கலாம், இல்லையா?

அப்புறம் ஸ்பெயினின் கலீசியா. அங்கே கைதா என்ற பை வாத்தியம் உண்டு. வாயால் ஊதுவது, திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் ஏற்ற முரட்டுச் சத்தம். இலன் பைப்போ அறைக்குள் வாசிப்பது. விகோ ஊர்ப் பையன் கார்லோஸ் நூன்யெஸை மொலோனி இளவயதிலேயே கூடச் சேர்த்துக்கொண்டார். பின்னால் அவரைக் குழுவின் ஏழாவது ஆள் என்றே சொன்னார்கள். 1996-ல் வந்த ‘சாந்தியாகோ’ என்ற தொகுப்பு கலீசியாவோடு நிற்கவில்லை. கலீசியர்கள் பிழைக்கப் போன கியூபாவுக்கும் அது போகிறது, சில பாட்டுகளை ஹவானாவிலேயே பதிவு செய்தார்கள். அதாவது ஐரிஷ்காரர்கள் தங்கள் கதையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, கலீசியர்களின் கதையைப் பின்தொடர்ந்து போனார்கள். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

ஆனால் நான் உன்னைக் கேட்கச் சொல்வது 2010-ல் வந்த ‘சான் பத்ரீசியோ’. அதன் பின்னணி தெரியாமல் கேட்காதே. பிழைக்க அமெரிக்கா போய் ராணுவத்தில் சேர்ந்த ஐரிஷ்காரர்கள் பலர், கத்தோலிக்கர்கள் என்பதால் அங்கே கேவலமாக நடத்தப்பட்டார்கள். 1846-ல் மெக்சிகோவோடு சண்டை மூண்டபோது சிலர் மெக்சிகோ பக்கம் போய், ஸ்பானிஷில் சான் பத்ரீசியோ எனப்படும் செயின்ட் பேட்ரிக் பெயரில் ஒரு படைப்பிரிவாக நின்று சண்டை போட்டார்கள். தலைவர் ஜான் ரைலி, கால்வே மாவட்டத்து கிளிஃப்டன் ஊர்க்காரர். தோற்றுப் பிடிபட்டதும் 1847 செப்டம்பரில் ஐம்பது பேர் அளவில் தூக்கிலிட்டார்கள். அதில் முப்பது பேரைக் கழுத்தில் சுருக்கோடு காத்திருக்க வைத்து, சாபுல்தெபெக் கோட்டையில் அமெரிக்கக் கொடி ஏறியதும்தான் தூக்கில் போட்டார்கள். ரைலி சண்டை அறிவிப்பதற்கு முன்பே விட்டுப் போனவர் என்பதால் உயிர் தப்பினார், கன்னத்தில் சூடு போட்டார்கள். அமெரிக்காவின் கண்ணில் அவர்கள் படையை விட்டு ஓடிப்போன துரோகிகள். மெக்சிகோவில் இன்றும் வருஷா வருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இந்தக் கதையை ஐரிஷ் சோகமாக மட்டும் பாடியிருக்கலாம், எளிதாக விற்றிருக்கும். மொலோனியும், அவரோடு சேர்ந்து இதைச் செய்த அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் அப்படிச் செய்யவில்லை. பெரும்பாலான பாட்டுகள் ஸ்பானிஷில், மெக்சிகோவின் சொந்த மெட்டுகளில். தொண்ணூறு வயதை எட்டிய மெக்சிகோப் பாடகி சவேலா வர்காஸ் பாடுகிறார். குரல் உடைந்து, கரகரத்து, அடிக்கு நடுவில் மூச்சு வாங்குகிறது. யாரும் அவசரப்படுத்தவில்லை, வாத்தியங்கள் அவருக்காக நிற்கின்றன. இன்னொரு இடத்தில், அந்தப் படைப்பிரிவின் பெயரையே வைத்துக்கொண்ட மெக்சிகோ பைப் குழு ஒன்று வாசிக்கிறது. செத்துப்போனவர்களின் வாத்தியத்தை அந்த நாட்டுப் பிள்ளைகள் எடுத்து வாசிக்கிறார்கள் என்று தெரிந்து கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லாமே இப்படி அமைந்தது என்று சொல்ல மாட்டேன். 1995-ல் ராக் நட்சத்திரங்களோடு செய்த தொகுப்பு நன்றாக விற்றது, ஆனால் பல இடங்களில் எனக்கு நட்சத்திரங்கள்தான் காதில் விழுகிறார்கள், பைப் பின்னால் அலங்காரமாக இருக்கிறது. பெரிய பெயரோடு சேரும்போது நாம் சுருங்கிவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. நீ என்ன நினைக்கிறாய்?

ஒரு முறை நேரிலும் பார்த்தேன். போகிற ஊரின் பைப் குழுவையும் பாடகர் குழுவையும் ஆட்டப் பள்ளிப் பிள்ளைகளையும் மேடைக்குக் கூப்பிடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த பெண்மணியின் மகள் ஆடினாள். மெட்டுகளை முன்பே அனுப்பிவிட்டார்களாம், சாயங்காலம் ஒரே ஒரு ஒத்திகையாம். பிள்ளையின் காலணி வார் கழன்றிருந்ததைப் பார்த்து அந்த அம்மா இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியின் ‘ஆன் ட்ரோ’ ஆட்டம். சுண்டுவிரல்களைக் கோத்து, கையை வட்டமாக ஆட்டிக்கொண்டே பக்கவாட்டில் நகர வேண்டும். பார்வையாளர்களும் எழுந்து வரிசையில் சேர்ந்தார்கள். நானும் போனேன். தாளம் பிடிபடச் சற்று நேரம் ஆனது, பக்கத்து ஆள் விரலால் இழுத்தே சொல்லிக்கொடுத்தார்.

மொலோனி 2021 அக்டோபரில் போய்விட்டார். அவருடைய டின் விசில் விண்வெளி நிலையத்துக்கே போய் வந்தது, 2011-ல் கேடி கோல்மன் என்ற விண்வெளி வீராங்கனை அங்கே வாசித்தார். இதைச் சொன்னதிலிருந்து கயல் தன் விசிலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

நீ எழுதியதற்கு என் பதில் இதுதான் மாலதி. சேர்ந்து வாசிக்கிறவர் நம் பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வந்தவர் இல்லை. அவர் பாட்டை அவர் வேகத்தில், அவர் மொழியில் நாம் கற்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், கொஞ்சம் ஒதுங்கி நிற்கிற மனசும் வேண்டும். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் அந்த நேரத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் இடிக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் சவேலா வர்காஸ் பாடுவதைக் கேள், பிறகு முழுத் தொகுப்பையும் வரிசையாக. கேட்டுவிட்டு எழுது, ஒத்துக்கொள்ளாத இடத்தை முதலில் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தேன்மொழி