அறுபத்து மூவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

தமிழ் நாடக ஆசிரியரும் நடிகருமான பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைப் போடாமல், அவருடைய வாழ்க்கையை மட்டும் ஒரு மாலை வாசிக்கப்போகிறோம் என்றதும், "அவர் எழுதிய மனோகராவைப் போட்டாலாவது நாலு பேர் வருவார்களே" என்றவர்கள்தான் அதிகம். கடைசியில் 63 பேர் வந்தீர்கள். சிவாலயங்களைப் பற்றித் தனியாகப் புத்தகம் எழுதிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு அமையாது. முதல் நன்றி உங்களுக்கு.

அப்புறம், நூலகத்து அம்மாவுக்கு. முதலியார் தன் மேடை வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' ஆறு பாகத்தையும் தேடி எடுத்து, தூசி தட்டி, "பக்கம் உதிரும், மெதுவாகப் புரட்டுங்கள்" என்று தினமும் எச்சரித்தவர் அவர். அவர் சொன்னபடி மெதுவாகப் புரட்டியதால்தான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. சிறுவயதில் தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர், 1891-இல் பெல்லாரியிலிருந்து வந்த குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்து மனம் மாறுகிறார். நடித்தவர்கள் படித்தவர்கள், பெரிய மனிதர்கள் என்பதே அவருக்கு ஆச்சரியம். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிவிட்டார். வயது 18. நாங்கள் ஒரு வாசிப்பு நடத்தவே எட்டு மாதம் இழுத்தோம்!

ஓய்வுபெற்ற வக்கீல் ஐயா இல்லாவிட்டால் அந்த வாழ்க்கையின் பாதி எங்களுக்குப் புரிந்திருக்காது. 1924 முதல் 1928 வரை முதலியார் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில், அதாவது சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில், நீதிபதி. அங்கே தினமும் என்ன நடக்கும் என்று கேட்டோம். "கடன் பாக்கி, வாடகை பாக்கி, இல்லை என்று சத்தியம் செய்பவர்கள். நடிப்புக்குப் பஞ்சமே இருந்திருக்காது" என்றார் ஐயா. அதை அப்படியே மேடையில் சொன்னோம். கைதட்டல் எங்களுக்குக் கிடைத்தாலும் அது ஐயாவுக்குச் சேர வேண்டியது.

எங்களைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முந்தைய ஆண்டு. சி. ரங்கவடிவேலு 1923-இல் இறந்தார். பல ஆண்டுகள் முதலியார் நாயகன் என்றால் அவர்தான் நாயகி. பெண் வேடமும் ஆண்களே போட்ட காலம். முதலியார் தன் புத்தகத்தில் எத்தனையோ பேரைப் பெயர் சொல்லி நன்றியோடு நினைக்கிறார், ஆனால் ரங்கவடிவேலு என்று வரும்போது அந்த எழுத்தே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நண்பர் போன மறு வருடம் நீதிபதி நாற்காலி. வீட்டில் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் நடுவே அந்த மனிதர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று ஒத்திகையில் ஒருநாள் முழுக்கப் பேசினோம். தெரியாததை எழுதக் கூடாது என்று முடிவு செய்து, அந்த இடத்தில் ஒரு நிமிடம் சும்மா இருந்தோம். அந்த ஒரு நிமிடமும் இருமாமல், கைபேசியை ஒலிக்கவிடாமல் காத்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

ஏழு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது விதி. இருந்தும் ஏழரை வரை அணைக்காத மண்டபத்துக் காவலாளி அண்ணனுக்கும், மூன்று முறை டீ கொண்டுவந்துவிட்டு இரண்டு முறைக்கு மட்டும் காசு வாங்கிய டீக்கடைக்காரருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். விடிய விடிய நடந்த நாடகத்தை மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கியவர் முதலியார். எங்கள் அரை மணி தாமதத்தை அவர் மன்னித்திருக்க மாட்டார்.

கடைசியாக, ரங்கவடிவேலுவாக நின்ற தம்பிக்குப் பட்டுப்புடவை கொடுத்த பக்கத்து வீட்டு அத்தைக்கு. புடவை உங்கள் கல்யாணத்துக்கு எடுத்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. முந்தானையில் கொஞ்சம் அரிதாரம் பட்டுவிட்டது, அத்தை. சலவைக்குப் போட்டிருக்கிறோம். வியாழக்கிழமை வந்துவிடும்.